புடலம்பூ விரியும் நேரம்

"பூ கொட்டோ கொட்டுன்னு கொட்டுது சார், ஒரு பிஞ்சுகூட நிக்கல. என்ன மருந்து அடிக்கலாம்?"

கொடிக் காய்கறிப் பருவம் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான். விதை ஊன்றி எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் கேட்பேன். இப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கொடியில் முதலில் வருபவை ஆண் பூக்கள். மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு உதிர வேண்டியவை அவை. பெண் பூ ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும்.

பூவைத் திருப்பிப் பாருங்கள். ஆண் பூவுக்குக் கீழே வெறும் காம்பு. பெண் பூவுக்குக் கீழே பிஞ்சே உட்கார்ந்திருக்கும்: பரங்கியில் குட்டி உருண்டையாக, புடலையில் நீளமாக, பாகலில் முள்ளு முள்ளாக. மகரந்தம் வந்து சேராவிட்டால் அது மஞ்சளாகி, சுருங்கி, சில நாளில் விழுந்துவிடும். "வெம்பிப் போச்சு" என்கிறோமே, பல நேரம் அது இதுதான்.

கத்தரி, வெண்டை உட்படப் பெரும்பாலான பூக்கும் தாவரங்களுக்கு ஒரே பூவில் ஆண், பெண் இரண்டு உறுப்பும் உண்டு. தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும் செடிகளின் வாரிசுகள் பெரும்பாலும் நோஞ்சானாகிவிடுவதை டார்வின் பதினொரு வருடம் செடிகளை வளர்த்துப் பார்த்து 1876இல் நூலாக எழுதினார். அந்த நட்டத்தைத் தவிர்க்கும் வழிகளில் ஒன்று, பூக்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. பரங்கி, புடலை, பாகல் எல்லாம் ஒரே கொடியில் இரு வகைப் பூவோடு நின்றுகொண்டன. கோவை இன்னும் தள்ளிப்போய், பனையைப் போல, ஆண் கொடி வேறு பெண் கொடி வேறு என்றாகிவிட்டது. பீகார்ப் பக்கம் விளையும் சத்புதியா என்ற பீர்க்கு வகையில் மட்டும் ஒரே பூவுக்குள் இரண்டும் இருக்கின்றன.

ஆண் பூவுக்குச் செலவு குறைவு. ஒரு நாள் வாழ்வு. காயையும் விதையையும் சுமக்கப்போவது பெண் பூ. அதனால்தான் கொடி ஆண் பூவை அள்ளி வீசுகிறது, பெண் பூவை எண்ணி எண்ணி விடுகிறது. வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூவைக் கூட்டும். பகல் குறுகி இதமானால் பெண் பூ கூடும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய கொடி பூத்துக் காய்க்கும் மாதங்களில் பகல் குறைந்துகொண்டே வருவதை நினைத்துப் பாருங்கள்.

பிரித்ததற்கு ஒரு விலை உண்டு. பரங்கி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது; காற்று தூக்கிப் போகாது. பூச்சி வந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "காலையில் தேனீ வரும், மருந்தைச் சாயங்காலம் அடிங்கண்ணே" என்று எல்லாருக்கும் சொல்லிவந்தேன். பரங்கிக்கும் பாகலுக்கும் அது சரி. அவை விடியலில் விரிந்து முற்பகலோடு வேலையை முடித்துக்கொள்பவை. ஆனால் என் பேச்சைக் கேட்ட ஒருவர் வைத்திருந்தது புடலைப் பந்தல். மூன்று வாரமாகப் பிஞ்சு நிற்கவில்லை என்று கூப்பிட்டார். சாயங்காலம் ஆறரை மணிக்குப் பந்தலுக்கடியில் போய் நின்றேன். மொட்டுகள் என் கண் முன்னாலேயே பிரிந்தன. ஒவ்வொரு இதழோரத்திலும் வெள்ளை நூலாகக் குஞ்சம் சுருள் அவிழ்ந்தது, மெல்ல மணம் வந்தது. இருட்டில் அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூ அது. அது விரியும் நேரத்தில், நான் சொன்னபடியே, அவர் விசைத்தெளிப்பானோடு நின்றிருக்கிறார். அந்தப் போகத்தை அவருக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை.

சுரையும் பீர்க்கும்கூட அந்திப் பூக்கள்தான். மழைமூட்டத்தில் பொழுது தெரியாத நாளில் என் பாட்டி வேலியில் பீர்க்கம்பூ விரிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் விளக்கேற்றுவார். படித்துவிட்டு வந்த எனக்கு அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இன்றும் வருத்தமுண்டு.

ஆகவே, மருந்துக்கு முன் பந்தலுக்குப் போங்கள். பழ ஈதான் தொல்லை என்றால் அதை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் கியூலூர் கவர்ச்சிப் பொறி கட்டுங்கள். பூவின் மேல் நஞ்சு விழாது. தெளித்தே ஆக வேண்டுமென்றால், பரங்கி, பாகலுக்கு அன்றைய பூ மூடிய பிறகு மாலையில். புடலை, சுரை, பீர்க்குக்கு இரவுப் பூ வாடிய பிறகு பகலில். இரண்டு வகையையும் ஒரே பந்தலில் ஏற்றாதீர்கள், எந்த நேரமும் சரிவராது. நாலைந்து கொடி மட்டும் வைத்திருக்கும் வீட்டுத்தோட்டக்காரர்கள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவலாம். பரங்கிக்கு விடியற்காலை. புடலைக்கு இரவு ஏழு மணிக்கு மேல், கையில் ஒரு டார்ச்சோடு.