இருகை ஃபோர்ஹேண்ட்: முன்கை வீச்சா, அங்கையடியா?

டென்னிஸ் வீரரின் குறிப்பில் ‘இருபுறமும் இருகை’ என்று இருந்தால் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். அப்படி ஆடியவர்கள் அபூர்வம். வலக்கைக்காரர் இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்டை இரண்டு கையால் அடிப்பது இன்று சர்வசாதாரணம். 1970களில் கிறிஸ் எவர்ட், ஜிம்மி கானர்ஸ், பியான் போர்க் மூவரும் அதை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். வலப்பக்கப் பந்தை அடிக்கும் ஃபோர்ஹேண்ட் அப்படியல்ல. ஒற்றைக் கையை வீசி அடிப்பதே அதன் இயல்பு என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்லித் தருகிறார்கள். அதையும் இரண்டு கையால் பிடித்து அடித்தால் அதுதான் ‘டூ ஹேண்டட் ஃபோர்ஹேண்ட்’.

விதியில் இதற்குத் தடை ஏதும் இல்லை. பந்தைத் தொடும்போது மட்டை கையில் இருக்க வேண்டும், வேண்டுமென்றே ஒரே பந்தை இருமுறை அடிக்கக் கூடாது என்பதுபோன்ற விதிகள் உண்டு. எத்தனை கையால் பிடிப்பது என்பது ஆடுபவர் விருப்பம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்றைய டென்னிஸுக்கு முந்தைய பிரெஞ்சு ஆட்டத்தின் பெயர் ‘ஜு த போம்’. ‘போம்’ என்றால் உள்ளங்கை. மட்டை வருவதற்கு முன் பந்தை வெறும் கையால்தான் அடித்தார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. கையின் எந்தப் பக்கம் பந்தைப் பார்க்கிறது என்பதுதான் இரண்டு அடிகளையும் பிரிக்கிறது. வலக்கைக்காரர் தன் வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும்போது உள்ளங்கை முன்னே போகிறது, அது ஃபோர்ஹேண்ட். கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் இடப்பக்கப் பந்தை அடிக்கும்போது புறங்கை முன்னே போகிறது, அது பேக்ஹேண்ட். ஆங்கிலத்தில் ‘ஃபோர்’ என்பது முன் என்னும் பொருள் தரும் பழைய முன்னொட்டு. குதிரையில் சவாரி செய்பவருக்கு முன்னால் இருக்கும் குதிரையின் பாகத்தையும் ‘ஃபோர்ஹேண்ட்’ என்றே சொல்வார்கள்.

மற்ற மொழிகள் வேறு வழியில் போயிருக்கின்றன. பிரெஞ்சில் ஃபோர்ஹேண்டுக்கு ‘கூ த்ருவா’, அதாவது நேரடி. பேக்ஹேண்டுக்கு ‘ரெவேர்’, அதாவது மறுபுறம். ஜெர்மனில் முன்கை, பின்கை என்று நேருக்கு நேரான சொற்கள். ஸ்பானிய மொழியில் ஃபோர்ஹேண்டை ‘தெரெச்சா’ என்கிறார்கள், அதன் பொருள் வலது. இடக்கையால் ஆடிய ரஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்டும் அவர்களுக்குத் ‘தெரெச்சா’தான். சொல் ஒருமுறை ஊன்றிவிட்டால் அதன் நேர்ப்பொருளை யாரும் கேட்பதில்லை.

தமிழுக்கு வருவோம். ‘முன்கை வீச்சு’, ‘முன்கை அடி’ என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழில் முன்கை என்பது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதி. ‘முன்கை நீண்டால்தான் முழங்கை நீளும்’ என்ற பழமொழி இன்னும் வழக்கில் இருக்கிறது. ‘முன்கை எடுப்பது’ என்றால் ஒரு காரியத்தை முதலில் தொடங்குவது. இந்த இரண்டு பொருளும் மனதில் இருக்கும் வாசகரிடம் ‘இருகை முன்கை வீச்சு’ என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? இரண்டு முன்கைகளையும் வீசி ஏதோ செய்கிறார்கள் என்றுதான் தோன்றும். உள்ளங்கைப் பக்கம் என்ற உண்மையான பொருள் எங்கேயோ போய்விடுகிறது. பின்கைக்கும் இதே கதி. பின்னால் கட்டிய கைதான் நினைவுக்கு வரும்.

நம்மிடம் இதற்குச் சரியான இணைச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று புறங்கை, மற்றொன்று அங்கை. ‘தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா’ என்று கேட்கிறோம். வேண்டாததைப் புறங்கையால் ஒதுக்குகிறோம் என்கிறோம். அந்தக் கையசைவைச் செய்து பாருங்கள், பேக்ஹேண்டின் அசைவு அதுவே. அதன் எதிர்ப்பக்கம் அகங்கை. அகம் என்பதன் பின் கை வரும்போது நடு எழுத்து கெட்டு ‘அங்கை’ ஆகும் என்று நன்னூல் விதி சொல்கிறது. அகமும் செவியும் சேர்ந்து ‘அஞ்செவி’ ஆவதும் அதே விதிப்படிதான். உள்ளங்கை நெல்லிக்கனி என்று நாம் பேசுவதை ‘அங்கை நெல்லிக்கனி’ என்று எழுதியவர்களும் உண்டு. ஆக ஃபோர்ஹேண்ட் அங்கையடி, பேக்ஹேண்ட் புறங்கையடி. ‘வீச்சு’ என்பதைத் தவிர்த்ததற்கும் காரணம் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்துவீச்சு என்று வேறொரு வேலைக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். மட்டையால் பந்தை அடிப்பதற்கு அடியே போதும்.

சரி, இரண்டு கையும் மட்டையில் இருக்கும்போது எந்தக் கையின் அங்கை? கேள்வி சின்னதுதான், விடையில்தான் இந்த அடியின் முழு நுட்பமும் இருக்கிறது. இரண்டு கையால் எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரு கையின் உள்ளங்கையும் மற்றக் கையின் புறங்கையும் பந்தை நோக்கும். வலக்கைக்காரரின் இருகை பேக்ஹேண்டில் வலது புறங்கை முன்னே போகிறது, கூடவே இடது அங்கையும் போகிறது. அதாவது அவருடைய இடக்கை அங்கே ஒரு ஃபோர்ஹேண்ட் அடிக்கிறது. இருகை ஃபோர்ஹேண்டில் இது அப்படியே தலைகீழ். ஆகவே பெயரைத் தீர்மானிப்பது ஆடுபவரின் பழகிய கை. எந்தக் கையால் சர்வீஸ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் அடி, போடுகிறாரோ, அந்தக் கையின் அங்கை முன்னே போனால் அங்கையடி.

இந்தக் கணக்கிலும் சிக்கவைக்கும் ஆட்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜான் பிராம்விச் பிறவி இடக்கைக்காரர். சர்வீஸ் போட்டது வலக்கையால். இடப்பக்கம் வந்த பந்தை இடக்கையால் மட்டும் அடித்தார், வலப்பக்கம் வந்ததை இரண்டு கையாலும் அடித்தார். வலக்கைக்காரர் என்றால் அது இருகை ஃபோர்ஹேண்ட், இடக்கைக்காரர் என்றால் இருகை பேக்ஹேண்ட். 1939இலும் 1946இலும் ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றவர் இவர். அவர் அடியை எப்படி அழைப்பது என்று எழுதுபவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

பிடிக்கும் விதத்தில் இரண்டு வகை இருக்கிறது. கிரிக்கெட் மட்டையை வலக்கை ஆட்டக்காரர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், கைப்பிடி நுனியில் இடக்கை, அதை அடுத்து வலக்கை. வலக்கைக்காரரின் இருகை ஃபோர்ஹேண்டில் இதே வரிசை இருந்தால் உடல் இயல்பாகத் திரும்பும், ஆனால் பக்கம் மாறும்போதெல்லாம் கைகளையும் மாற்ற வேண்டும். மற்றொரு வழி, பழகிய கையை எப்போதும் நுனியிலேயே வைத்துக்கொள்வது. கை மாற்றும் வேலை மிச்சம், அப்போது ஃபோர்ஹேண்டில் கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழும். இதைக் குறுக்குக்கைப் பிடி எனலாம். மோனிகா செலஸ் இடக்கைக்காரர், அவருடைய இடக்கை நுனியை விட்டு நகர்ந்ததில்லை. யுகோஸ்லாவியாவின் நோவி சாட் நகரில் பிறந்த அவர் 1990இல் ஸ்டெஃபி கிராஃபை வென்று பிரெஞ்சு ஓபனைக் கைப்பற்றியபோது வயது 16. 1991, 1992 இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓபன்களை வென்றார். ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க ஓபன் ஆகிய நான்கு பெரிய போட்டிகளைக் கிராண்ட்ஸ்லாம் என்பார்கள். மொத்தம் 9 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், அதில் 8 அவருக்கு 20 வயது ஆகும் முன்பே வந்தவை. 1993 ஏப்ரலில் ஹாம்பர்க் ஆடுகளத்தில் அவரை ஒருவர் கத்தியால் குத்தாமல் இருந்திருந்தால் இந்த அடியை இன்று அபூர்வம் என்று எழுத வேண்டியிருந்திருக்குமா என்று அடிக்கடி தோன்றுகிறது.

அவர் தொடங்கிவைத்தது அல்ல இது. ஈக்வடாரின் குவாயகில் நகரில் 1921இல் பிறந்த பாஞ்சோ செகுரா சிறுவயதில் எலும்பை வலுவிழக்கச் செய்யும் கணை நோயால் (ரிக்கெட்ஸ்) மெலிந்தவர், கால்கள் வளைந்திருந்தன. மட்டையை ஒரு கையால் தூக்கும் வலு இல்லாததால் இரண்டு கையால் பிடித்தார். அந்தப் பிடி அவரை விட்டுப் போகவே இல்லை. 1943 முதல் 1945 வரை மூன்று ஆண்டுகள் அமெரிக்கக் கல்லூரிப் பட்டம், 1950 முதல் 1952 வரை அமெரிக்கத் தொழில்முறைப் பட்டம். அவரோடு மோதிய ஜாக் கிரேமர், செகுராவின் இருகை ஃபோர்ஹேண்டை டென்னிஸின் மிகச் சிறந்த அடிகளில் வைத்துப் பேசினார். தென்னாப்பிரிக்காவின் ஃப்ரூ மக்மில்லன் விம்பிள்டன் ஆடவர் இரட்டையரை மூன்று முறை வென்றதும் இருபுறமும் இருகையால்தான். அதேபோல் ஆடிய அமெரிக்காவின் ஜீன் மேயர் 1980இல் உலகத் தரவரிசையில் 4ஆம் இடம் வரை போனார்.

இதில் என்ன லாபம்? மட்டை அசையாமல் நிற்கிறது. வேகமான சர்வீஸைத் திருப்பும்போது ஒற்றை மணிக்கட்டு தள்ளாடும் இடத்தில் இரண்டு கை உறுதியாகத் தாங்குகிறது. பின்னால் நீளமாக இழுக்க வேண்டியதில்லை, பந்து எழும்பும்போதே அடிக்கலாம். இதனால் எதிராளிக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. கடைசி நொடிவரை பந்து எந்தக் கோணத்தில் போகும் என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. செலஸ் ஆடுகளத்தின் ஓரக்கோடுகளை நோக்கி அடித்த கூர்மையான கோணங்களுக்கு இதுதான் மூலம்.

இழப்புகளில் பெரியது எட்டும் தூரம். இரண்டாவது கை மட்டையில் இருக்கும்வரை தோள் முழுதாக நீள முடியாது. அகலமாகப் போகும் பந்துக்கு இன்னும் ஒன்றிரண்டு அடி கூடுதலாக ஓட வேண்டும், அடித்தபின் நடுவுக்குத் திரும்பவும் ஓட வேண்டும். தாழ்வாக வரும் பந்துக்கு முழங்காலை நன்றாக மடக்க வேண்டும். உடலுக்கு நேரே வந்தால் கை விரிக்க இடமில்லை. எனவே இந்த ஆட்டக்காரர்கள் எல்லாருமே கால் வேலையில் கெட்டிக்காரர்கள், எட்டாத பந்துக்கு ஒரு கையை விட்டுவிடவும் பழகியவர்கள். பந்தின் வேகம் கூடிக்கொண்டே போன காலத்தில் இந்த விலை அதிகம் என்று பயிற்சியாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நடாலும் சிறுவயதில் இருபுறமும் இரண்டு கையால் ஆடியவர்தான். ஃபோர்ஹேண்டை ஒற்றைக் கைக்கு மாற்றச் சொன்னவர் அவருடைய சித்தப்பாவும் பயிற்சியாளருமான டோனி.

மாற்றாதவர்களில் பிரான்ஸின் ஃபாப்ரிஸ் சான்டோரோவை எனக்கு மிகவும் பிடிக்கும். மற்றவர்கள் இரண்டு கையை வலுவுக்குப் பயன்படுத்தினால் இவர் ஏமாற்றப் பயன்படுத்தினார். ஃபோர்ஹேண்டை இரண்டு கையால் வெட்டி ஸ்லைஸ் அடிப்பார், பந்து மெதுவாக வந்து எதிர்பாராத பக்கம் திரும்பும். மராட் சாஃபின் போன்ற பலசாலி அவரிடம் திரும்பத் திரும்பத் தோற்றார். பீட் சாம்ப்ராஸ் அவருக்கு வைத்த பெயர் மந்திரவாதி. 2004 பிரெஞ்சு ஓபனில் அர்னோ கிளெமானோடு 6 மணி 33 நிமிடம் ஆடி வென்றார்.

அதே பிரான்ஸின் மரியோன் பார்டோலி நேராகச் செலஸின் வழி வந்தவர். மருத்துவரான அவருடைய தந்தை வால்டேர், 1992 பிரெஞ்சு ஓபன் இறுதியில் செலஸ் கிராஃபை வென்றதைப் பார்த்துவிட்டுத்தான் மகளுக்கு இருபுறமும் இருகை ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். பார்டோலி தன் 47ஆவது கிராண்ட்ஸ்லாம் போட்டியில், 2013 விம்பிள்டனில், ஒரு செட்கூட இழக்காமல் பட்டம் வென்றார். தைவானின் ஷே சூ வெய் 2018 விம்பிள்டனில் அப்போதைய முதல்நிலை வீராங்கனை சிமோனா ஹாலெப்பை வீழ்த்தினார், இரட்டையரில் பட்டங்களைக் குவித்தார்.

சென்னைக்காரர்கள் இந்த அடியை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 1999இல் நுங்கம்பாக்கத்தில் ஜெர்மனியின் ரைனர் ஷூட்லரை வென்று சென்னை ஓபன் ஒற்றையர் பட்டம் பெற்ற ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக், இருபுறமும் இருகையால் ஆடியவர்.

இனி எழுதும்போது எப்படி எழுதலாம்? விளையாட்டுச் செய்தியில் ‘இருகை ஃபோர்ஹேண்ட்’ என்றே எழுதினாலும் தவறில்லை, வாசகருக்கு உடனே புரியும். தமிழ்ச் சொல் வேண்டும் என்றால் ‘இருகை அங்கையடி’. பேக்ஹேண்டுக்கு ‘இருகைப் புறங்கையடி’. வீரர் குறிப்பில் ‘இடக்கை ஆட்டம், இருபுறமும் இருகை’ என்று போட்டால் செலஸின் ஆட்டம் முழுதும் அதில் அடங்கிவிடும். பாடநூலிலும் கலைச்சொல் பட்டியலிலும் மட்டும் ‘இருகை முன்கை’ வேண்டாம். அங்கே ஒருமுறை ஏறிவிட்டால், முன்கை என்றால் எது என்று கேட்கும் பிள்ளைக்கு ஆசிரியர் இரண்டு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.