பழைய ஸ்கேனை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா என் கிளினிக்குக்கு வந்தார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்து ஒரு வருடம் ஆகிறது. கையில் புது எம்ஆர்ஐ ரிப்போர்ட் மட்டும். அதில் 'என்ஹான்ஸ்மென்ட்' (ஊசி மருந்தால் படத்தில் ஒளிர்வது) என்ற சொல்லை மகன் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். "கட்டி திரும்ப வந்திருச்சாம் டாக்டர்" என்று சொல்லும்போதே அம்மாவுக்கு அழுகை. பழைய ஸ்கேன் எங்கே என்றேன். அலமாரியில் இருக்கிறதாம். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள்.

மறுநாள் மகன் பினாங்குப் பாலம் தாண்டி, பழைய ஸ்கேன் பதிந்த சிடி தட்டைக் கொண்டுவந்தார். இரண்டையும் அருகருகே திறந்தோம். அதே வெள்ளைப் பட்டை, அதே இடம், அதே தடிமன். ஆபரேஷனில் ஓட்டையை மூட வைத்த மூக்குச் சவ்வு அது.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்கேனுக்காக ஊசியில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்துக்குக் கட்டி எது, தழும்பு எது என்று தெரியாது. ஆறிய தழும்பும் ஒளிரும், ஒட்டுப்போட்ட சவ்வும் ஒளிரும், மூளையுறையும் ஒளிரும். வயிற்றிலிருந்து எடுத்து அடைத்த கொழுப்போ மருந்து போடும் முன்பே வெள்ளையாக நிற்கும். கொழுப்பை மறைக்கும் படத்தில்தான் கறுத்துப்போகும். இதனால்தான் ஆபரேஷன் குறிப்பும் வேண்டும் என்று கேட்கிறோம். உள்ளே என்ன வைத்தார்கள் என்று தெரியாமல் படத்தை வாசிப்பது ஊகம்தான்.

'மிச்சம் இருக்கிறது' என்றால் 'வளர்கிறது' என்று அர்த்தமில்லை. பார்வை நரம்பு, கழுத்திலிருந்து மேலே வரும் பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் கொஞ்சத்தைத் தெரிந்தே விட்டுவைப்போம். காது நரம்புக் கட்டிக்குக் காமா நைஃப் எனும் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்த பிறகு, முதல் ஒன்றிரண்டு வருடம் அது வீங்கிக் காட்டி அப்புறம் சுருங்குவதும் உண்டு.

போன வருட ஸ்கேன் மட்டும் இருந்தாலும் போதாது. வருடம் ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் 'மாற்றமில்லை' என்றே சொல்லும். ஆபரேஷன் முடிந்து சுமார் மூன்று மாதத்தில் எடுத்த முதல் ஸ்கேனோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். எல்லா சிடியும் ஒரே உறையில் இருக்கட்டும். முடிந்தவரை ஒரே இடத்தில் ஸ்கேன் எடுங்கள். கிட்னி கோளாறு இருந்தால் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பி அபிப்பிராயம் கேட்காதீர்கள்.

மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள்.