கண்மாய் வற்றினால் எந்தக் கெண்டை மிஞ்சும்?

மேலூர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றி மடையோரப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீச, மீன் மேல் கவிழ்க்கும் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக சனம் மொத்தமும் இறங்கும். இதுதான் மீன்பிடித் திருவிழா. அத்தனை பேர் கலக்கியும் சேற்றுக்குள் பத்துப் பன்னிரண்டு கெண்டை தப்பிக்கிறது, அடுத்த மழைக்கு அதுகளின் குஞ்சுதான் கண்மாயை நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். (வாய்க்காலில் புது மீன் வருவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.)

முன்பு பாதிக் கெண்டைக்கு வாலில் கரும்புள்ளி, பாதிக்கு இல்லை. தப்பிய பன்னிரண்டில் ஒன்பதுக்குப் புள்ளி. புள்ளியா காப்பாற்றியது? ஊத்தா ஒரு முழம் தள்ளி விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த வருடம் கண்மாயில் புள்ளிக்காரர்களே அதிகம். இதுதான் மரபியல் நகர்வு.

திருவிழாவுக்கு முந்தைய வாரம் நடந்தது வேறு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்தத் திணறலைத் தாங்கும் மரபணு உள்ளது பிழைக்கும், மற்றது விடிகாலையில் வயிறு மேலே தெரிய மிதக்கும். இது இயற்கைத் தேர்வு. எந்தக் கண்மாய் இப்படிக் காய்ந்தாலும் இந்த மரபணு கூடத்தான் பார்க்கும். புள்ளியோ ஒரு ஊரில் கூடும், பக்கத்து ஊரில் காணாமலே போகும்.

பீட்டர் பியூரி 1956-இல் வெளியிட்ட பழ ஈ சோதனையில் நகர்வை அப்படியே பார்க்கலாம். 107 கூட்டங்கள், தலைமுறைக்குத் தலைமுறை எட்டு ஆண், எட்டுப் பெண் ஈக்களை மட்டும் குருட்டாம்போக்கில் எடுத்து வளர்த்தார். கண் நிற மரபணுவின் இரண்டு வடிவங்களும் எல்லாக் கூட்டத்திலும் சரிபாதியாகத்தான் ஆரம்பித்தன. 19 தலைமுறை கழித்து 30 கூட்டங்களில் ஒரு வடிவம் அடியோடு போய்விட்டது, 28-இல் அதே வடிவம் மட்டுமே இருந்தது. தேர்வு இழுத்திருந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

சரி, இரண்டில் எதன் கை ஓங்கும்? தலைக்கணக்கைப் பொறுத்தது. பத்து மீன் மட்டுமே இனம் பெருக்கினால் நகர்வால் தலைமுறைக்குச் சுமார் 5 சதவீதம் மரபு வேறுபாடு கரைந்துபோகும். பத்தாயிரம் என்றால் அந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. அதனால் பெரிய கூட்டத்தில் சின்ன நன்மைகூட மெல்ல மேலேறிவிடும், சின்னக் கூட்டத்தில் நல்ல மரபணுவும் தொலையும், கொஞ்சம் கெட்டது நிலைத்தும் போகும். உடம்பில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு பயன் கண்டுபிடித்தே தீருவேன் என்கிறவர்களுக்கு இது பிடிக்காது.

மூச்சுத் திணறலைத் தாங்கும் மரபணுவோடு பள்ளத்தில் மிஞ்சிய ஒரே கெண்டை எங்கள் சித்தப்பா ஊத்தாவுக்குள் சிக்கினால், அன்று ராத்திரி அது குழம்பு.