கொள்கை வேலைக்கு ஸ்பொன்சர் விசா: வன்னியிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

கனடாவில் இருக்கும் கணவன் ஊரில் இருக்கும் மனைவிக்கு ஸ்பொன்சர் செய்வது எப்படி என்று வன்னியில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு நிறுவனம் வேலைக்காக ஸ்பொன்சர் செய்வது எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வரும். அதுவும் அந்த வேலை தாதி வேலையோ கணினி வேலையோ இல்லாமல் கொள்கை ஆய்வு, அரசாங்கத் தொடர்பு என்று இருந்துவிட்டால் ஏஜென்சிக்காரரே கையை விரித்துவிடுவார். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கம்பஸ் முடித்துவிட்டு, பிரதேச செயலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்காகத்தான் இந்த விளக்கம்.

வேலை என்னவென்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு சட்டமோ திட்டமோ யாரை எப்படிப் பாதிக்கிறது என்று தரவு பார்த்து எழுதுவதும், எதை மாற்ற வேண்டும் என்று பரிந்துரைப்பதும் கொள்கை வேலை. ஒரு கம்பனிக்காகவோ சங்கத்துக்காகவோ அமைச்சோடும் நாடாளுமன்ற உறுப்பினர்களோடும் பேசுவது அரசாங்கத் தொடர்பு வேலை. இரண்டாவதற்கு அந்த நாட்டு அரசியலும் ஆள் பழக்கமும் வேண்டும். வெளியிலிருந்து நேரே போகிறவருக்கு அந்தக் கதவு ஒடுக்கமானதுதான். ஆய்வுப் பக்கமே நமக்குத் தோது என்பது என் எண்ணம்.

சரி, வெளிநாட்டு அரசாங்கமே நேரடியாக வேலை தராதா? பெரும்பாலும் தராது. அமெரிக்க மத்திய அரசின் போட்டி முறை நியமனங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கு உரியவை. அவுஸ்திரேலிய மத்திய அரச சேவைக்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை வேண்டும். திணைக்களத் தலைவர் விரும்பினால் விலக்கு அளிக்கலாம், அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிரந்தர உத்தியோகங்களுக்கு அந்த ஒன்றியத்தின் ஏதாவதொரு நாட்டுக் குடியுரிமை தேவை. கனடா குடிமக்களையும் நிரந்தர வதிவிடக்காரரையும் முன்னுக்கு வைக்கிறது. ஆகவே அரசைச் சுற்றி இருக்கும் இடங்களில்தான் தேட வேண்டும்: ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வு மையங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆலோசனைக் கம்பனிகள், சர்வதேச அமைப்புகள்.

பிரித்தானியாவில் மட்டும் ஒரு விசேடம் உண்டு, பலருக்கும் தெரியாதது. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், பிரித்தானியக் குடிமக்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பதவிகள் தவிர்ந்த மற்றப் பிரித்தானிய அரச சேவைப் பதவிகளுக்கு இலங்கைக் குடிமகனும் தகுதியுடையவர். பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு இப்போது அந்தளவு எளிதில் கிடைக்காத தகுதி இது. ஆனால் அங்கு வேலை செய்யும் உரிமை கையில் இருக்க வேண்டும். விசாவுக்கு ஸ்பொன்சர் செய்ய மாட்டோம் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடும் திணைக்களங்கள் நிறைய. பாதுகாப்புச் சோதனை கேட்கும் பதவிகளுக்கு அந்த நாட்டில் சில வருடங்கள் வசித்திருக்கவும் வேண்டும். அதனால் இந்தத் தகுதி அங்கே படித்துக்கொண்டிருப்பவருக்கும் துணைவர் விசாவில் போனவருக்கும் பயன்படும் அளவுக்கு முல்லைத்தீவில் இருந்து விண்ணப்பிப்பவருக்குப் பயன்படாது.

பிரித்தானிய விதியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், வன்னியிலிருந்து அதிகம் கேட்கப்படுவது அதுதான். 2020 டிசெம்பரில் தொடங்கிய திறன்மிகு தொழிலாளர் விசாதான் இங்கே பேசப்படுவது. இதில் ஸ்பொன்சர் என்பது உறவினரோ ஏஜென்சியோ அல்ல, உங்களுக்குச் சம்பளம் தரப்போகும் நிறுவனம். அந்த நிறுவனம் உள்துறை அமைச்சிடம் முன்கூட்டியே உரிமம் எடுத்திருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் முழுப் பட்டியலையும் அரசாங்கம் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர், நகரம், தரம், எந்த விசாவுக்கான உரிமம் என்பவை அதில் இருக்கும். வேலை தேடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பட்டியலை இறக்கி, தனக்குத் தெரிந்த ஆய்வு நிறுவனங்களின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. பெயர் இருந்தால் மட்டும் போதாது. உரிமம் உள்ள நிறுவனம் எல்லா வேலைக்கும் ஸ்பொன்சர் செய்யும் என்றில்லை. விளம்பரத்தின் அடியில் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் விண்ணப்பிக்க முன்னரே மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

உங்களை எடுப்பதென்று முடிவானால் நிறுவனம் உங்களுக்கென்று ஸ்பொன்சர் சான்றிதழ் ஒன்றை ஒதுக்கும். சான்றிதழ் என்றதும் முத்திரை குத்திய தாள் ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். அது அமைச்சின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு. உங்கள் கைக்கு வருவது அதன் இலக்கம். அந்த இலக்கம் கிடைத்து மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இடிக்கும் இடம் சம்பளம். 2025 யூலை 22 முதல் பொதுவான அடிமட்டம் ஆண்டுக்கு 41,700 பவுண், அதாவது மாதம் 3,475. அந்தத் தொழிலுக்கென்று அரசாங்கம் குறித்திருக்கும் நடைமுறைச் சம்பளம் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுதான் கணக்கு. அதே நாளிலிருந்து வேலையும் பட்டதாரி மட்டத்தில் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. கொள்கை வேலைக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் தொண்டு நிறுவனங்களிலும் சிறிய ஆய்வு நிறுவனங்களிலும் தொடக்கநிலை ஆய்வு உதவியாளர் சம்பளம் பலவேளை இந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடும். உங்களைப் பிடித்திருந்தும் அவர்களால் எடுக்க முடியாமல் போவது இதனால்தான். 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், அங்கேயே படித்துவிட்டு மாறுகிறவர்களுக்கும் ‘புதிதாக நுழைபவர்’ என்ற சலுகை உண்டு. அவர்களுக்கு அடிமட்டம் 33,400 பவுண். 25 வயதில் விண்ணப்பிப்பவருக்கும் 30 வயதில் விண்ணப்பிப்பவருக்கும் நடுவில் 8,300 பவுண் வித்தியாசம் என்றால், பட்டம் முடித்த கையோடு முயல்வதா, பிறகு பார்ப்பதா என்பதை இதை வைத்தே தீர்மானிக்கலாம்.

ஆங்கிலத் தேர்ச்சி 2026 சனவரி 8 முதல் பி2 மட்டம், அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலில் நடுத்தரத்துக்கு மேற்பட்ட நிலை. விஞ்ஞான, வணிக பீடங்களில் ஆங்கில மூலம் படித்தவர்கள், பட்டம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்பதற்குப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் கடிதம் எடுத்து, எக்டிஸ் என்ற அமைப்பு மூலம் உறுதிப்படுத்தினால் பரீட்சை எழுதாமல் தப்பலாம். கலைப்பீடத்தில் தமிழில் படித்தவர்கள் பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். சுகாதாரக் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண். மூன்று வருட விசா என்றால் 3,105 பவுணை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். கையிருப்பாக 1,270 பவுண் 28 நாள் வங்கியில் கிடக்க வேண்டும், நிறுவனம் பொறுப்பேற்றால் அதுவும் வேண்டாம். இவை உங்கள் செலவு. நிறுவனத்தின் உரிமக் கட்டணம், வெளிநாட்டவரை எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் திறன் வரி, சான்றிதழ்க் கட்டணம் ஆகியவை நிறுவனத்தின் செலவு. அவற்றை உங்கள் தலையில் கட்டுவது விதிமீறல்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பட்டதாரி மட்ட வேலைகளுக்கான எச்-1பி விசா வருடத்துக்கு 85,000 தான், அதுவும் குலுக்கல். பல்கலைக்கழகங்களுக்கும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. கொள்கை ஆய்வு நிறுவனங்கள் பல இந்த வகையில் வருபவை என்பதால் நம் துறைக்கு அது நல்ல சேதியாகத்தான் இருந்தது. ஆனால் 2025 செப்டெம்பரில் வந்த ஜனாதிபதிப் பிரகடனம், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய மனுவுக்கு ஒரு லட்சம் டொலர் விதித்தது. சிறிய நிறுவனம் எதுவும் அந்தக் காசைப் போட்டு வன்னியிலிருந்து ஒருவரைக் கூப்பிடாது. கனடாவில் நிலைமை வேறு. அங்கே சமூகக் கொள்கை ஆய்வாளர் என்பது அங்கீகரிக்கப்பட்ட தொழில் வகை. அதில் இங்கே பெற்ற அனுபவமே, புள்ளி பார்த்து நிரந்தர வதிவிடம் தரும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் புள்ளிக்குச் சேரும். வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கொடுத்துவந்த புள்ளியை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆகவே ‘கனடாவில் ஜொப் ஓபர் எடுத்துத் தருகிறேன், புள்ளி கூடும்’ என்று யாராவது காசு கேட்டால் அது பழைய கதை.

சர்வதேச அமைப்புகளுக்கு இந்த ஸ்பொன்சர் வில்லங்கமே இல்லை. ஐ.நா., உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவை தங்கள் ஊழியருக்கான விசாவைத் தாங்களே ஒழுங்கு செய்பவை. இலண்டனில் உள்ள பொதுநலவாயச் செயலகம் உறுப்பு நாடுகளின் குடிமக்களைத்தான் எடுக்கிறது. ஐ.நா.வின் இளம் தொழில்வாண்மையர் பரீட்சைக்கு வயது எல்லை 32. எந்தெந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியல் வருடா வருடம் மாறும், இலங்கை இருக்கும் வருடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போட்டி கடுமையானதுதான். ஆனாலும் இலங்கைக்குள்ளேயே தேசிய உத்தியோகத்தராகவோ ஐ.நா. தொண்டராகவோ இரண்டு மூன்று வருடம் இருந்தவர்களுக்கு அங்கே நுழைவது அவ்வளவு தூரம் இல்லை.

புலமைப்பரிசிலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். செவ்னிங் கிடைத்தால் ஒரு வருட முதுகலைக்கு முழுச் செலவும் பிரித்தானிய அரசு ஏற்கும். ஆனால் முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை வைத்து அங்கேயே வேலை பிடிக்கலாம் என்று திட்டம் போடுவது சரிவராது. திரும்பி வந்து இங்கே கொள்கை வேலை செய்ய நினைப்பவருக்கு அதைவிட நல்ல வழி குறைவு. விண்ணப்பிக்க 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் முழுநேரமாக இரண்டு வருடம் இருந்தாலே அது தேறிவிடும்.

வன்னியில் இருக்கும் நம்மவரிடம் இல்லாதது அனுபவம் என்று நான் நினைக்கவில்லை. அதை எழுதத் தெரிவதில்லை. ஒட்டுசுட்டானில் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சுயவிபரக் கோவையில் ‘காணிக் கச்சேரிகளுக்கு உதவி புரிந்தேன்’ என்று ஒரு வரி இருக்கும். இலண்டனில் அதைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அந்த ஒரு வரிக்குள் இருப்பதோ இது: 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் யுத்தத்தில் தொலைந்துபோன குடும்பங்களின் விண்ணப்பங்களை வகைப்படுத்தியது, கணவர் பெயரில் இருந்த காணியைக் காணாமல்போனவரின் மனைவிக்கு மாற்ற முடியாமல் நின்ற கோப்புகளைத் தனியாக எடுத்தது, வனத் திணைக்களம் தன்னுடையதென்று சொல்லும் காணிக்கும் மக்கள் 1990களுக்கு முன் பயிர் செய்த காணிக்கும் எல்லை எங்கே என்று கிராம சேவகரோடு நடந்து பார்த்தது. இப்படி எழுதினால் அது கொள்கை அனுபவம். எத்தனை கோப்பு, எத்தனை தீர்ந்தது, தீராததற்கு எந்த விதி காரணம் என்று இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

அதோடு இரண்டு பக்கத்தில் ஒரு கொள்கைக் குறிப்பு எழுதிக் கையில் வைத்திருங்கள். விடயத்துக்குப் பஞ்சமில்லை. 2025 மார்ச் 28இல் வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோரச் சொல்லி வந்த வர்த்தமானி, எதிர்ப்பு வந்ததும் மீளப் பெறப்பட்டதை எடுக்கலாம். இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்த பிறகு முல்லைத்தீவில் நிலம் விடுவிக்கப்படுவதை எடுக்கலாம். நுண்கடன், யானை வேலி, முத்தையன்கட்டு நீர் என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: அரச உத்தியோகத்தராக இருந்தால் அலுவலகக் கோப்பில் உள்ள தரவை அனுமதியில்லாமல் வெளியே போடக்கூடாது, தாபன விதிக்கோவை அதைத் தடுக்கிறது. பகிரங்கமாகக் கிடைக்கும் தரவை மட்டும் பாவியுங்கள்.

அரச வேலையை விட்டுவிட்டுப் போவதா என்று தயங்குபவர்களுக்கு: 2022இல் வந்த 14/2022 இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை, வெளிநாட்டு வேலைக்காக ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறைக்கு இடம் தந்தது, சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்றும் சொன்னது. கடிதம் கொடுக்க முன், இன்று நடைமுறையில் இருக்கும் நிபந்தனைகளை உங்கள் நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் போனவர்களுக்குப் பிறகு வேலையை விட்டுப்போனதாகக் கடிதம் வரும்.

போக முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். நேரடியாக வேலை எடுத்தவர் ஏஜென்சி இல்லாமல் தானே பதியலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டால் படிவமும் வழியும் சொல்வார். கடவுச்சீட்டுக்குக் கொழும்பு போக வேண்டியதில்லை, வவுனியாவிலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பிரித்தானியாவுக்கென்றால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். அதற்குக் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும்.

கடைசியாகக் காசு விசயம். ஸ்பொன்சர் சான்றிதழுக்கு இருபது லட்சம், முப்பது லட்சம் என்று யாராவது கேட்டால், தோட்டத்தை ஈடு வைக்க முன் மூன்றைப் பாருங்கள். ஏஜென்சிக்குப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா? 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பணியகமே சொல்லும். நிறுவனத்தின் பெயர் பிரித்தானியப் பட்டியலில் இருக்கிறதா? அந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதினால், ஆம், இவரை எடுத்திருக்கிறோம் என்று பதில் வருகிறதா? நேர்முகம் எதுவும் நடக்காமல் கொள்கை ஆய்வாளர் வேலைக்குச் சான்றிதழ் வந்தால் அது பொய். எழுத்துப் பரீட்சையும் இரண்டு சுற்று நேர்முகமும் இல்லாமல் இந்தத் துறையில் ஆள் எடுப்பதென்பது அபூர்வம். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்திலும் ஒரு சதம்கூடக் கேட்பதில்லை. ஐ.நா. பெயரைச் சொல்லிக் காசு கேட்கிறவரை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழும்பி வாருங்கள்.