டெதர்: தாம்பு இருக்கக் கட்டுண்டது எதற்கு?

"கட்டுண்ட படப்பிடிப்பின்போது இறக்குமதி மெதுவாக நடந்தால் மென்பொருளை மீண்டும் நிறுவவும்." ஒரு பயிற்சிக் கையேட்டின் வரி இது. இதை நம்பி, பட்டுப்புடவைகளைப் படமெடுக்கும் நிலையம் ஒன்றில் ஓர் இளைஞர் அரைநாளைத் தொலைத்தார். மென்பொருளை நீக்கினார், நிறுவினார், மறுபடியும் நீக்கினார். ஒவ்வொரு படமும் கணினித் திரைக்கு வர ஆறேழு விநாடி ஆகிக்கொண்டே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, முந்தானையை விரித்துப் பிடித்திருந்த இருவரும் கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கேமராவையும் கணினியையும் இணைத்திருந்த வடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மெல்லிய வெள்ளை வடம். கைப்பேசி சார்ஜரோடு வருவது.

ஆங்கிலத்தின் 'டெதர்ட் ஷூட்டிங்' என்பதை மொழிபெயர்த்த 'கட்டுண்ட படப்பிடிப்பு' என்ற தொடர் பல நாளாகக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. பொறுத்துக்கொண்டிருந்தேன். அது ஒருவருடைய வேலையைக் கெடுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை.

'டெதர்' என்றால் மேயும் கால்நடையை முளையில் கட்டிவைக்கும் கயிறு. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஒளிப்படத் தொழிலில், கேமராவைக் கணினியோடு வடத்தால் பிணைத்துவைத்து, எடுத்த படம் உடனே பெரிய திரையில் விழும்படி வேலை செய்வதற்கு இப்பெயர் வந்தது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது 'கட்டுண்ட படப்பிடிப்பு' என்பதைப் பாருங்கள். கட்டுண்டது எது? கேமரா. ஆனால் இந்தத் தொடரில் கட்டுண்டு கிடப்பது படப்பிடிப்பு. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி நிற்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரு பெயரெச்சத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். மாட்டை முளையில் கட்டி மேயவிடுவதை எந்த ஊரிலாவது 'கட்டுண்ட மேய்ச்சல்' என்று சொல்கிறார்களா? 'கட்டி மேய்ப்பது' என்கிறார்கள். வினையெச்சம் ஒன்று போதும். யார் கட்டினார், எதைக் கட்டினார், என்ன நடந்தது எல்லாம் அதில் தெளிந்துவிடும். 'படப்பிடிப்பு' என்பதோ தமிழ்நாட்டில் திரைப்படத்துக்கென்றே வாழ்ந்துவிட்ட சொல். புடவைக்கும் நகைக்கும் படமெடுப்பதை 'படமெடுப்பது' என்று சொல்ல என்ன தடை?

இன்னும் சிலர் 'தளை' என்கிறார்கள். நல்ல சொல்தான். யாப்பில் ஒரு சீரின் ஈற்றசையையும் அடுத்த சீரின் முதலசையையும் பிணைப்பது தளை. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் தளை என்றால் விலங்கு, அடிமைக்கட்டு. காலில் தளை பூட்டினால் நடக்க முடியாது. டெதரின் பொருளே வேறு. கயிறு எட்டும் தூரம்வரை சுற்றிச் சுற்றி மேயலாம்; அதற்கு அப்பால்தான் போக முடியாது. மூன்று மீட்டர் வடத்தில் கேமராவைப் பிணைத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி நகர்ந்து படமெடுப்பவரின் நிலையும் அதுதான். இந்த 'எட்டும் தூரம்' என்ற கருத்து தளையில் இல்லை, பிணைப்பில் இல்லை, வெறும் இணைப்பில் நிச்சயம் இல்லை.

தாம்பில் இருக்கிறது. மாட்டைக் கட்டும் கயிறு தாம்பு. 'கண்ணிநுண் சிறுத்தாம்பினால்' என்று மதுரகவியாழ்வார் பாடியது கண்ணனைக் கட்டிய அந்தக் கயிற்றைத்தான். வடமொழியின் 'தாமம்' என்பதோடு இதை உறவுபடுத்துவோர் உண்டு. அந்த வழக்கை நான் எடுத்துக்கொள்ளப்போவதில்லை. ஆழ்வார் பாட்டிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஒருசேர வாழ்ந்த சொல்லுக்கு வேறு சான்றிதழ் வேண்டாம். ஆகவே 'தாம்பிட்டுப் படமெடுத்தல்' என்கிறேன். வடமில்லாமல் வைஃபை வழியாகப் பிணைத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஆங்கிலேயர் கயிறே இல்லாதபோதும் டெதர் என்றுதான் சொல்கிறார்கள். நாமும் கம்பியில்லாத் தாம்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதைப் பெயர்ச் சண்டை என்று ஒதுக்க வேண்டாம். பெயரில் கயிறு இருந்தால் கண் முதலில் கயிற்றைப் பார்க்கும். தாம்புக்கு மறுபெயர் தும்பு. 'தும்பை விட்டு வாலைப் பிடிப்பது' என்று நம் ஊர்களில் சொல்வது இந்தத் தும்பைத்தான். அந்த இளைஞர் அரைநாள் பிடித்துக்கொண்டிருந்தது வாலை. யூ.எஸ்.பி. 2.0 வடத்தின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். கணக்குப்படி அது 60 மெகாபைட். நடைமுறையில் முப்பது, நாற்பதுதான் கிடைக்கும். 45 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா கோப்பு, அதாவது பதப்படுத்தாத மூலக் கோப்பு, ஏறத்தாழ 50 மெகாபைட். ஒரே கோப்பு கடக்கவே ஒன்றரை விநாடி போய்விடும். அதோடு ஜேபெக்கும் சேர்த்து அனுப்பும்படி கேமராவில் வைத்திருந்தால் சுமை இன்னும் ஏறும். யூ.எஸ்.பி. 3.0 என்றால் உச்சம் 5 கிகாபிட். முனை சி வகையாக இருப்பதாலேயே வடம் வேகமானது என்று பலர் நினைக்கிறார்கள். முனையின் வடிவம் வேறு, உள்ளே ஓடும் கம்பிகள் வேறு. சார்ஜருக்கென்று வரும் சி வகை வடங்கள் பலவற்றில் 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கின்றன. நீளம் கூடினாலும் தொல்லைதான்: 3.0 வடம் மூன்று மீட்டரைத் தாண்டினால், இடையில் சமிக்ஞையை வலுப்படுத்தும் மின்சுற்று உள்ள வடமாக வாங்க வேண்டும். நடுவில், ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப் ஒன்றை வைத்து, அதிலேயே விசைப்பலகையையும் வெளி வட்டையும் செருகியிருந்தால் அதை விலக்கிவிட்டுக் கணினியின் துளையில் நேரே செருக வேண்டும்.

வடத்தை மாற்றியதும் தாமதம் ஓரளவு குறைந்தது. மீதி எங்கே? இந்த இடத்தில்தான் கையேட்டின் இரண்டாவது குற்றம் வருகிறது. இறக்குமதி.

'இம்போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'உள்ளே சுமந்து வருதல்' என்பதுதான் பொருள். கப்பலும் சுங்கமும் பிறகு வந்தவை. மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்தார், முதலில் கண்ணில் பட்ட வணிகச் சொல்லை எடுத்துவைத்தார். 'இறக்குமதி' துறைமுகத்தில் பிறந்த அருமையான சொல். இலங்கைத் தமிழரின் கணக்கியலில் பெறுமதி, வருமதி, சென்மதி என்று அந்தக் குடும்பமே இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் பொருள், சரக்கு ஓரிடத்திலிருந்து பெயர்ந்து நம் கரையில் இறங்கிவிட்டது என்பது. படங்களை ஒழுங்குபடுத்தித் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் 'சேர்' ('ஆட்') என்ற வழியில் படங்களைக் கொண்டுவந்தால் ஒரு கோப்பும் பெயர்வதில்லை. அது இருக்கும் இடத்திலேயே இருக்கும். எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் மென்பொருளின் பதிவேட்டில் ஏறும். வெளி வட்டிலிருந்த திருமணப் படங்களை இப்படிச் சேர்த்துவிட்டு, 'இறக்குமதி ஆகிவிட்டதே' என்று வட்டை அழித்த ஒருவரை எனக்குத் தெரியும். திரையில் சிறு முன்னோட்டங்களும், அவற்றின் மூலையில் ஆச்சரியக்குறியும் மிஞ்சின. அந்தக் குடும்பத்துக்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

இது பதிவேட்டில் ஏற்றும் வேலை என்பதால் 'பதிவேற்றம்' அச்சொட்டாகப் பொருந்தியிருக்கும். அதை இணையத்துக்கு அனுப்புவதற்குச் செலவழித்துவிட்டோம். திரும்பப் பெற முடியாது. ஆகவே நம் கணக்குப்பிள்ளைகளின் சொல்லைக் கேட்கிறேன்: வரவு வைத்தல். பணம் பெட்டியில் இருக்கலாம், வங்கியில் இருக்கலாம். ஏட்டில் எழுதினால் வரவு. பதிவேட்டை நம்பி வாழும் மென்பொருளுக்கு இதைவிடத் தெளிவான சொல் எனக்குத் தெரியவில்லை.

வரவு என்று சொல்லிப் பார்த்தால் தாமதத்தையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. தாம்பு வழியாகக் கோப்பு வருகிறது, வட்டில் எழுதப்படுகிறது, வரவு வைக்கப்படுகிறது, முன்னோட்டம் உருவாகிறது. நான்கும் வேறு வேறு வேலைகள். கோப்பு வந்து விழும் கோப்புறையைத் தனியே திறந்து வைத்துக்கொண்டு ஒரு படம் எடுங்கள். கோப்பு அங்கேயே தாமதமாக வந்தால் குற்றம் பெரும்பாலும் தாம்பில், இல்லையென்றால் வட்டில். அங்கே உடனே வந்து, மென்பொருளில் மட்டும் தயங்கினால் குற்றம் வரவில் அல்லது முன்னோட்டத்தில். அந்த நிலையத்தில் இரண்டாவதும் இருந்தது. வரும் ஒவ்வொரு படத்துக்கும் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்குவதும் கலந்த முன்னமைவு (முன்பே சேமித்துவைத்த திருத்தங்களின் தொகுப்பு) ஒன்றைப் போடும்படி வைத்திருந்தார்கள். அதை நிறுத்தினோம். வைரஸ் தடுப்பான் ஒவ்வொரு கோப்பையும் வாசலில் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோப்புறைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தோம். படம் இரண்டு விநாடியில் வந்தது. அப்போதும் வராமலிருந்தால், கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருளைக் கொண்டு கோப்புறையில் படங்களை விழச்செய்து, லைட்ரூமை அந்தக் கோப்புறையைக் கவனித்துத் தானே வரவு வைக்கும்படி விட்டிருப்பேன். அந்த வசதி அதில் இருக்கிறது.

'இறக்குமதி மெதுவாக இருக்கிறது' என்ற வாக்கியம் இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. மூட்டையைப் பார்த்தவர் மென்பொருளைத்தான் நீக்குவார். கையேடுகளை மொழிபெயர்ப்பவர்களை நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நாள் அந்த வேலை நடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். எது நகர்கிறது, எது நகரவில்லை, எது எதில் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அகராதியை அதற்குப் பிறகு திறக்கலாம். சொற்பட்டியலைக் கணினிக்குக் கொடுத்து, வந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. அதைப் படிக்கும் பிள்ளை ஆங்கிலம் தெரியாததால்தான் தமிழ்க் கையேட்டை வாங்குகிறது. அதற்குத் திரும்பிப் பார்க்க வேறு நூல் கிடையாது.

மாலையில் அந்த இளைஞர் இரண்டு வடங்களிலும் காகித நாடா ஒட்டினார். தடித்த ஆரஞ்சு வடத்தில் 'தாம்பு' என்று எழுதினார். வெள்ளை வடத்தில் 'சார்ஜர் மட்டும்' என்று எழுதி, கேமராப் பையிலிருந்து எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார்.