பேட்டரியும் டிஜி சரக்கும்: தமிழில் என்ன சொல்வது?

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மச்சான் போன வருடம் படகு விளக்குகளுக்காகச் சென்னையில் ஒரு லித்தியம் பேட்டரி வாங்கினான். ஊருக்கு அனுப்பலாம் என்று ஒரு பார்சல் ஆபீசில் கொண்டுபோய் வைத்தால், அங்கிருந்தவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. "இது டிஜி, அண்ணே. நாங்க ஏத்த மாட்டோம்" என்றார். மச்சானுக்கு டிஜி என்றால் டிஜிட்டல். "ஆமா, டிஸ்ப்ளே எல்லாம் இருக்கு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

டிஜி என்பது டேஞ்சரஸ் கூட்ஸ், அதாவது ஆபத்தான சரக்கு. அதற்கு வருமுன் பேட்டரியைப் பார்த்துவிடுவோம்.

பேட்டரி என்ற சொல் போர்க்களத்திலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'பத்ர்' என்றால் அடித்தல்; அதிலிருந்து வந்த 'பத்ரி', கோட்டைச் சுவரை இடிக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிக் கூட்டத்துக்குப் பெயரானது. 1740களின் இறுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஈயத்தகடு பதித்த கண்ணாடிப் பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து மின்சாரத்தைச் சேர்த்து வைத்தார். வரிசையாக நின்று ஒரேயடியாக அடிக்கும் அந்த அமைப்புக்குப் பீரங்கிக் கூட்டத்தின் பெயரையே வைத்தார். 1800-இல் வோல்ட்டா உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கினார். அவருடையதிலும் அடுக்குதான் முக்கியம்.

ஆகவே பேட்டரி என்பது ஒற்றைப் பொருள் அல்ல, கூட்டம். தனி ஒன்று மின்கலம். பல கலங்கள் சேர்ந்தது மின்கல அடுக்கு. பாடப்புத்தகத்தில் இந்த வேறுபாடு இருக்கிறது. செய்தித்தாள்களில்தான் இரண்டையும் மின்கலம் என்றே எழுதிவிடுகிறார்கள். ஊர்ப் பேச்சு இதில் தெளிவாக இருந்தது. டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் போடுவது 'கட்டை'. "ரெண்டு கட்டை குடுங்க" என்றால் கடைக்காரருக்குப் புரியும். படகு எஞ்சினைக் கிளப்ப வைத்திருக்கும் கனமான ஆசிட் பெட்டிதான் பேட்டரி.

இது வெறும் சொல் சண்டை இல்லை. சரக்கு அனுப்பும் விதியே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. வாட்-மணி என்பது சேர்த்து வைக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு. லித்தியம் அயனி வகையில் ஒரு கலம் 20 வாட்-மணிக்குள்ளும், ஓர் அடுக்கு 100 வாட்-மணிக்குள்ளும் இருந்தால் கடல்வழிச் சரக்கில் சில சலுகைகள் உண்டு. மச்சான் வாங்கியது 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1280 வாட்-மணி. சலுகைக்கு வழியே இல்லை. இன்னொரு வேடிக்கை: உள்ளே ஒரே கலம் இருந்தால், கடையில் பேட்டரி என்று விற்றாலும் விதி அதைக் கலமாகவே கணக்கிடும். நம்முடைய கட்டையும் அப்படித்தானே?

'கலம்' என்ற தேர்வு எனக்குப் பிடித்தமானது. பாத்திரமும் கலம், நெல் அளவும் கலம், கப்பலும் கலம். கீழக்கரை மரக்காயர் என்ற பெயரை மரக்கலத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். பாம்பனில் நிற்கும் கலங்கரை விளக்கத்திலும் அதே கலம் இருக்கிறது. கரைதல் என்றால் அழைத்தல். மின்சாரத்தைக் கொள்ளும் பாத்திரம் மின்கலம் என்றால், பேட்டரியைக் கப்பலில் ஏற்றும்போது கலத்தில் கலம் ஏறுகிறது. பாக் நீரிணைக்கு அந்தப்பக்கம், இலங்கைத் தமிழில் 'பற்றரி' என்று எழுதுவார்கள். எழுத்துப்பெயர்ப்புதான், ஆனால் 'பற்றி எரி' என்றும் காதில் விழுகிறது. சரக்குக் கப்பல்காரர்கள் பயப்படுவதும் அதற்குத்தான்.

லித்தியம் அயனிக் கலம் நசுங்கியோ, உள்ளுக்குள் ஷார்ட் ஆகியோ சூடானால், அந்தச் சூடே உள்ளிருக்கும் வேதிவினையைத் தூண்டி மேலும் சூடாக்கும். ஒரு கலம் பற்றினால் பக்கத்துக் கலமும் பற்றும். சில வகைகளில் உள்ளிருக்கும் ஆக்சைடே ஆக்சிஜனை விடுவதால், காற்றை அடைத்து மட்டும் அணைத்துவிட முடியாது. தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். ஆசிட் பேட்டரியின் குணம் வேறு. அதில் கந்தக அமிலம் சிந்தினால் இரும்பையும் தோலையும் அரிக்கும். கடல்நீர் உள்ளே புகுந்தால் குளோரின் வாயு வரும், நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் அஞ்சிய விஷயம் அது. நம் கரையில் படகின் அடித்தட்டில் பேட்டரி வைப்பவர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

இதனால்தான் ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. வகைப்பாட்டில் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. ஆசிட் நிரப்பிய பேட்டரிக்கு எண் 2794, அரிக்கும் பொருட்களுக்கான 8-ஆம் வகுப்பு. லித்தியம் அயனி அடுக்குக்கு எண் 3480, 9-ஆம் வகுப்பு, அதாவது மற்ற எட்டிலும் அடங்காதவை. ஒன்பது கடைசி என்பதால் ஆபத்து குறைவு என்று எண்ண வேண்டாம். வகுப்பு எண் ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. தனியாக அனுப்பும் லித்தியம் அயனிக் கலங்களையும் அடுக்குகளையும் 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை; சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது.

அப்புறம் டேஞ்சரஸ் கூட்ஸ். ஆங்கிலத்தின் 'டேஞ்சர்' முதலில் ஒரு பிரபுவின் அதிகாரத்தைக் குறித்த சொல். அவன் கைக்குள் அகப்பட்டவன் டேஞ்சரில் இருந்தான். தமிழில் 'அபாயகரமான சரக்கு', 'ஆபத்தான பொருட்கள்' என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் அபாயம், ஆபத்து இரண்டும் வடமொழி, நீளமும் அதிகம். 'விபத்துச் சரக்கு' என்று ஒரு படிவத்தில் பார்த்தேன். அது ஏற்கெனவே அடிபட்ட சரக்கு என்றல்லவா பொருள் தரும்!

என் தேர்வு இடர்ச்சரக்கு. 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்த கரைக்குப் 'பேரிடர்' என்ற சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலிருக்கும் இடர்தான் இது. சரக்கு என்பது நாட்டு மருந்துக் கடையிலும் உண்டு, டாஸ்மாக்கிலும் உண்டு என்பதால், தனியாக விடாமல் முன்னால் இடரைச் சேர்ப்பது நல்லது. ஏற்றிப் போகும் கூலிக்கு 'வண்டிச்சத்தம்' என்ற பழைய சொல் தெற்கே இருக்கிறது, அதையும் மீட்டால் மகிழ்வேன்.

கடைசியில் மச்சானின் பெட்டி, இடர்ச்சரக்கு ஏற்றும் ஒரு லாரியில் பாம்பன் சாலைப் பாலம் தாண்டி வந்து சேர்ந்தது. வண்டிச்சத்தம் இரண்டு மடங்கு. பெட்டியின் மேல் சாய்சதுர லேபிள்: மேல்பாதியில் கறுப்புக் கோடுகள், கீழே தீப்பிடித்த மின்கலங்களின் படம், அடியில் 9. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "எரியிற படத்தை ஒட்டியா அனுப்புவான்? வீட்டுக்குள்ள கொண்டாராத" என்று திண்ணையிலேயே நிறுத்திவிட்டார்.