வீட்டுப் பெட்டியில் கிடக்கும் றெயில்வே காகிதங்கள்

"எங்கட பூட்டனார் றெயில்வேயில இருந்தவர். அவற்ற பேர் எங்கேயாவது பதிஞ்சிருக்குமோ?" ஆவணக் காப்பாளனாக வேலை பார்க்கும் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: மாதச் சம்பளமா, நாட்கூலியா?

இலங்கை அரசாங்க றெயில்வே காகிதத்துக்குக் குறை வைத்த நிறுவனம் அல்ல. தொடக்கத்தில் அது அரசாங்கத்துடையதாகவும் இருக்கவில்லை. 1845இல் லண்டனில் ஒரு கம்பனி தொடங்கினார்கள். மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க மாட்டு வண்டிலை நம்பியிருந்த தோட்டத்துரைமாருக்குத்தான் அவசரம். 1858 ஆகஸ்டில் ஆளுநர் ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டினார். செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போனதால் 1861இல் கம்பனியோடு இருந்த ஒப்பந்தம் முறிந்தது, அரசாங்கமே பொறுப்பெடுத்தது. 1863இல் ஃபாவியெல் என்ற ஒப்பந்தக்காரர் வந்தார். கில்ஃபோர்ட் மோல்ஸ்வொர்த் பிரதம பொறியியலாளர்.

பொதுப்பணம் என்று ஆன பிறகு எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்டவேண்டி வந்தது. ஆளுநர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் இங்கிலாந்தில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்றநாட்டு அலுவலகத்தின் சீ.ஓ. 54 என்ற தொகுதியில் இருக்கின்றன. வருடாந்த நிர்வாக அறிக்கைகளைக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். வருமானம், செலவு, ஏற்றிய சரக்கு எல்லாம் அவற்றில் உண்டு. பெரிய உத்தியோகத்தர்களின் பெயர்களைத் தேடுவதும் கஷ்டமில்லை. படி இறங்க இறங்கத்தான் பெயர்கள் அருகிப்போகும். கல்லுடைத்தவர், தண்டவாளம் சுமந்தவர், கடுகண்ணாவ ஏற்றத்தில் மலையை வெட்டியவர் எல்லாரும் பெரும்பாலும் எண்ணிக்கையாகவும் கூலித்தொகையாகவும்தான் தெரிவார்கள். இவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்டவரைத் தேடுபவர்களிடம், றெயில்வே பதிவை விட்டுவிட்டு அவருடைய பிள்ளைகளின் பிறப்பு, விவாகப் பதிவுகளைப் பாருங்கள் என்பேன். தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் பல நேரம் விடை இருக்கும்.

இணையத்தில் திகதிச் சண்டை ஒன்று ஓயாமல் நடக்கிறது. முதல் கோச்சி ஓடியது 1864ஆ, 1865ஆ? இரண்டும் சரி. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, 54 கிலோமீற்றர் தூரம், முதல் வண்டி ஓடியது. பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது 1865 அக்டோபர் 2இல். றெயில்வே திணைக்களம் முதலாவதைக் கொண்டாடுகிறது. 150 ஆண்டு நிறைவும் கடுகண்ணாவ றெயில்வே அருங்காட்சியகமும் 2014இல் வந்தது அதனால்தான். ஆக, ஒரு திகதியைக் கண்டால் அன்றைக்கு நடந்தது என்ன என்று முதலில் பாருங்கள். வடக்குப் பாதையிலும் இதே குழப்பம்தான். யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 1902இலேயே வண்டி ஓடியது. கொழும்போடு முழுப்பாதையும் இணைந்தது 1905இல்.

பதுளைப் பாதையில் தண்டவாளம் ஒரு வட்டமடித்துத் தனக்கே கீழாகப் போகும் இடம் தெமோதரை வளைவு. அதற்கு ஒரு தலைப்பாகைக் கதை உண்டு. யாரோ ஒருவர் தலைப்பாகை கட்டுவதைப் பார்த்துத்தான் பாதையைச் சுற்றிக்கொண்டு வரும் யோசனை பிறந்ததாம். நல்ல கதை, நானும் சொல்வேன். ஆனால் ஒரு கடிதத்தையோ வரைபடத்தையோ யாராவது காட்டும்வரை அது கதைதான். பதுளைக்கு வண்டி போனது 1924இல். அதற்கு முன் அந்தப் பாதைக்காக எழுதிய அறிக்கைகளைத் தேடிப் படிப்பதை விட்டுவிட்டு, எல்லாரும் தலைப்பாகையையே பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வடக்கின் நிலை வேறு. 1990இல், போரால், கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி வண்டி யாழ்ப்பாணம் வருவது நின்றது. தண்டவாளமும் சிலீப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின, ஸ்டேசன்கள் இடிந்தன. ஸ்டேசன்களே இல்லாமல் போனபோது அவற்றின் அன்றாடப் பதிவேடுகள் மட்டும் எப்படித் தப்பும்? 2014 ஒக்டோபரில் வண்டி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. காகிதம் வரவில்லை. மன்னார்ப் பாதையும் அப்படித்தான். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியபோது இந்தியாவோடு சேர்ந்த பாதை அது. ஒரு ஸ்டேசன் ஒரு நாளில் எப்படி இயங்கியது என்பதை இனி ஓய்வுபெற்ற கார்ட், சிக்னல்காரர், ஸ்டேசன் மாஸ்டர் வீடுகளில் உள்ள பெட்டிகளிலிருந்துதான் அறிய முடியும். வேலை நேர அட்டவணை, சுற்றறிக்கை, இடமாற்றக் கடிதம், இலவசப் பயணப் பாஸ், தடித்த அட்டையில் அச்சிட்ட பழைய டிக்கெட். பழைய பேப்பர்காரருக்கு இவையெல்லாம் கிலோக்கணக்கு.

பெட்டியைத் திறந்ததும் எதையும் பிரிக்க வேண்டாம். இருக்கிற ஒழுங்கிலேயே கைபேசியில் படம் எடுங்கள். எந்தக் கடிதத்தோடு எது சேர்த்துக் குத்தியிருந்தது என்பதும் ஒரு தகவல். துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாளும் சேர்ந்து கிழியும். தாளுக்கும் ஊசிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்ரிக் துண்டைச் செருகி மெதுவாகக் கழற்றுங்கள். செலோடேப் வேண்டாம், லமினேட் செய்யவே வேண்டாம். ஒட்டினால் பிறகு எடுக்க முடியாது.

ஈரத்துணியால் துடைப்பதுதான் நான் அடிக்கடி காணும் சேதம். அந்தக் காலத்தில் அழிக்க முடியாத பென்சில் ஒன்றைப் பாவித்தார்கள். பார்க்கச் சாம்பல் நிறம், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதாவாகப் பரவும். அட்டவணை ஓரத்தில் ஒருவர் எழுதிய தாமதக் குறிப்பு ஒரு நொடியில் கறையாகிவிடும். துணியில் வரைந்த பாதைப் படங்களுக்கும் தண்ணீர் ஆகாது. அந்தத் துணிக்கு மினுமினுப்பு ஏற்றியது கஞ்சிப்பசை, நனைந்தால் சுருங்கிவிடும். நீலநிற புளூபிரின்ட் வெளிச்சத்தில் மங்கும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாமல் இருட்டில் வையுங்கள், மங்கிய நீலம் ஓரளவு திரும்பும்.

சிலர் "இது திணைக்களத்துச் சொத்து, கேள்வி வரும்" என்று பயந்து பெட்டியையே ஒளித்துவைக்கிறார்கள், இல்லாவிட்டால் எரிக்கிறார்கள். எரிக்காதீர்கள். சுவடிகள் திணைக்களத்திடமோ, நம்பிக்கையான ஒரு பல்கலைக்கழக நூலகத்திடமோ கேளுங்கள். கையளித்தால் பற்றுச்சீட்டு ஒன்று வாங்கி வையுங்கள். பெட்டியில் புகைப்படங்கள் இருந்தால் பின்பக்கத்தில் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள்: யார், எந்த ஸ்டேசன், ஏறத்தாழ எந்த ஆண்டு, சொன்னவர் யார். அம்மம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தால் இந்தக் கிழமையே கேட்டுவிடுங்கள்.